எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 6,514 ஜன்னல்கள்: கழற்றி எறியாமல் திருத்திய முகப்பு

## நிகழ்வு

2010ஆம் ஆண்டு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 6,514 ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கண்ணாடிகளைப் பிரித்து, நடுவில் பூச்சு பூசிய மெல்லிய ஃபிலிம் ஒன்றைக் கட்டி, வாயு நிரப்பி, மூடி, பழைய இடத்திலேயே மாட்டினார்கள். வேலை நடந்தது அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் போட்ட பட்டறையில். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதத்துக்கு மேல் திரும்பப் பயன்பட்டது.

முகப்புப் புதுமை என்றாலே வெயிலுக்குத் தகுந்தபடி அசையும் திரைகளும் பாசி வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிகளும்தான் பத்திரிகைப் படங்களில் வரும். இங்கே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனாலும் முகப்பு வேலையில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய நிகழ்வு இது. ஜன்னலை மட்டும் தனியாக வைத்துக் கணக்குப் பார்த்திருந்தால் இந்த வேலைக்கு யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

## கட்டடமும் அதன் சுவரும்

1931இல் திறந்த கட்டடம். 102 தளங்கள், கூரை வரை 381 மீட்டர், சுமார் 28 லட்சம் சதுர அடி. வெளிச்சுவர் இண்டியானா சுண்ணாம்புக்கல், அதற்குப் பின்னால் செங்கல். மேல் ஜன்னலுக்கும் கீழ் ஜன்னலுக்கும் நடுவே அலுமினியத் தகடுகள், ஓரங்களில் நெடுக ஓடும் குரோம்-நிக்கல் எஃகுப் பட்டைகள். சுவரில் துளை விட்டு ஜன்னல் வைத்த முகப்பு இது; முழுக் கண்ணாடித் திரை கிடையாது.

இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது. அதே நகரத்தில் 1952இல் எழுந்த லீவர் ஹவுஸ் கண்ணாடித் திரைச் சுவர்களுக்கு முன்னோடி. அதில் கண்ணாடியைப் பிடித்திருந்த எஃகுச் சட்டம் உள்ளே துருப்பிடித்துப் பருத்து, கண்ணாடிகளை நெருக்கி உடைத்தது. கடைசியில் திரை முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. எம்பயர் ஸ்டேட்டில் ஒரு ஜன்னல் கெட்டால் அந்த ஒன்றைக் கழற்றலாம், பக்கத்து ஜன்னலுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பழுதுபார்க்க வசதியான முகப்பாக அமைந்தது அதிர்ஷ்டம்தான். 1930இல் யாரும் இதை நினைத்து வரைந்திருக்க மாட்டார்கள்.

ஜன்னல்கள் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியே நகரும் வகை. 1990களில் இவற்றை அலுமினியச் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் கொண்டதாக மாற்றியிருந்தார்கள். ஜன்னலுக்கு இரண்டு பாதி, பாதிக்கு இரண்டு கண்ணாடி என்றால் 6,514 ஜன்னலுக்கு 26,056 கண்ணாடிகள்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே ஒரு நீராவி ரேடியேட்டர். நீராவி தெருவுக்கு அடியில் ஓடும் நகரக் குழாயிலிருந்து வருகிறது. கோடையில் குளிர்விக்க நான்கு பெரிய மின் சில்லர்கள், அதாவது தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடத்துக்கு அனுப்பும் இயந்திரங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1981 முதல் இது நகரச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம். வெளித்தோற்றத்தில் கைவைக்க வேண்டுமானால் நகரின் பாதுகாப்பு ஆணையத்தின் சம்மதம் வேண்டும். ஜன்னல் சட்டகத்தின் பருமனும் கண்ணாடியின் சாயலும் மாறினால் வெளியே தெரிந்துவிடும். ஆகவே ஜன்னலுக்குள் என்ன செய்தாலும் பழைய அளவுக்குள் அடங்க வேண்டும்.

## கையில் இருந்த எண்கள்

கட்டடத்தைப் புதுப்பிக்கும் பெரிய திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், 2008இல், எரிசக்தியைத் தனியாக ஆராய ஒரு குழு சேர்ந்தது. உரிமையாளர் தரப்போடு கிளின்டன் காலநிலை முன்முயற்சி, எரிசக்தி ஆய்வு அமைப்பான ராக்கி மவுண்டன் இன்ஸ்டிட்யூட், கட்டட இயந்திர நிறுவனமான ஜான்சன் கன்ட்ரோல்ஸ், சொத்து மேலாண்மை நிறுவனமான ஜோன்ஸ் லாங் லாசால் ஆகியவை உட்கார்ந்தன. ஆய்வுக்கு எட்டு மாதம் எடுத்தது.

அப்போது ஆண்டு எரிசக்திச் செலவு சுமார் 1.1 கோடி டாலர். கரியமில வாயு ஆண்டுக்கு 25,000 டன். உச்ச மின்தேவை 9.5 மெகாவாட். நீராவியையும் மின்சாரத்தையும் ஒரே அளவாக மாற்றினால் சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 278 யூனிட் வருகிறது. நியூயார்க்கின் பழைய கட்டடங்களுக்கு இது மிக மோசம் இல்லை. சொல்லப்போனால் அதுதான் தொந்தரவு. எளிதாகக் கைக்கு எட்டுகிற சேமிப்பெல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டது.

ஜன்னல் எவ்வளவு கசிந்தது என்பதைப் பார்க்க, வெப்பத்தடையைக் குறிக்கும் அமெரிக்க ஆர் மதிப்பைப் பிடித்துக்கொள்வோம். எண் கூடக் கூட வெப்பம் கடப்பது குறையும். பழைய இரட்டைக் கண்ணாடி ஆர்-2. நமக்குப் பழகிய கணக்கில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியே 2.8 வாட். வெளியே மைனஸ் 10, உள்ளே 21 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கண்ணாடியின் உள்முகம் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அறைக் காற்று 21 டிகிரி என்றாலும் ஒரு தோள்பட்டை மட்டும் சில்லென்று இருக்கும். அவர் தெர்மோஸ்டாட்டை ஏற்றுவார். அறையின் மறுகோடியில் இருப்பவர் புழுங்கிப்போய் ஜன்னலைத் திறப்பார். நீராவிக் கட்டணம் இப்படித்தான் ஏறுகிறது.

அதே குளிரில் கண்ணாடி ஆர்-6 ஆக இருந்தால் உள்முகம் 17 டிகிரியில் நிற்கும். இந்த ஏழு டிகிரிதான் ஜன்னல் வேலையின் அடிப்படை.

## அறுபது யோசனை, எட்டு வேலை

முதலில் அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை எழுதி வைத்தார்கள். செய்யக்கூடியவை என்று 17 தேறின. இவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்று கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் எட்டைத் தேர்ந்தார்கள்: ஜன்னல், ரேடியேட்டருக்குப் பின்னால் காப்புப் பலகை, வாடகைதாரர் பகுதியில் விளக்கும் பகல் வெளிச்சமும், காற்றைக் கையாளும் இயந்திரங்கள், சில்லர், கட்டடம் முழுவதற்குமான டிஜிட்டல் கட்டுப்பாடு, கரியமில வாயு அளவைப் பார்த்து வெளிக்காற்றை விடும் ஏற்பாடு, வாடகைதாரர்கள் தங்கள் மின்செலவைத் தாங்களே பார்க்கும் வசதி.

எந்த வரிசையில் யோசித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் வெப்பமும் வெயிலும் உள்ளே வருவதையும் போவதையும் குறைப்பது. பிறகு மிச்சத் தேவைக்கு ஏற்ற இயந்திரம். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு. பல திட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது. இயந்திர ஆலோசகர் பழைய சுமையை வைத்துப் புது சில்லருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். ஆறு மாதம் கழித்து முகப்பு ஆலோசகர் சுமையைக் குறைக்க வழி சொல்வார். அப்போது அதனால் இயந்திரச் செலவில் ஒரு காசும் மிச்சமாகாது.

குழு நான்கு தொகுப்புகளை ஒப்பிட்டது. லாபம் மட்டுமே குறி என்றால் ஒரு தொகுப்பு, கரியமில வாயுவைக் கூடியவரை குறைப்பதே குறி என்றால் இன்னொன்று, நடுவில் இரண்டு. தேர்ந்தது நடுவில் உள்ள இரண்டில் ஒன்றை: 38 சதவீத எரிசக்திக் குறைவு, 15 ஆண்டில் 1,05,000 டன் கரியமில வாயு மிச்சம். இதற்கு மேலே போனால் என்ன ஆகும் என்பதும் கணக்கில் தெரிந்தது. குறைக்கக்கூடிய வாயுவில் முதல் 90 சதவீதத்துக்கு டன்னுக்குச் சராசரி 200 டாலர் லாபம் வந்தது. கடைசி 10 சதவீதத்துக்கு டன்னுக்கு 300 டாலருக்கு மேல் செலவானது. மற்றக் கட்டட உரிமையாளர்களும் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். நட்டத்தில் முடிகிற வேலையை யாரும் பார்த்துச் செய்ய மாட்டார்கள்.

## ஜன்னலுக்கு என்னென்ன வழி

புது ஜன்னல் வாங்கி மாட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இருந்த கண்ணாடி இருபது வயதுகூட ஆகாதது, கீறலில்லாமல் நன்றாக இருந்தது. அதை உடைத்துக் குப்பையில் போட்டு, வேறொரு ஊரில் மணலை உருக்கிப் புதுக் கண்ணாடி செய்து, மன்ஹாட்டன் நெரிசலில் லாரியில் கொண்டுவருவதற்குச் செலவும் அதிகம், அந்த வேலைகளில் வெளியாகும் கரியமும் அதிகம்.

மூன்றாவது கண்ணாடி ஒன்றைச் சேர்க்கலாமே என்றால் எடை இடிக்கிறது. 6 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. மேலும் கீழும் நகரும் ஜன்னலில் பாதியைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் கம்பியும் பழைய எடைக்கு அளந்தவை. எடையைக் கூட்டினால் மேல் பாதி தானாகக் கீழே நழுவும், கீழ் பாதி தூக்க முடியாமல் கனக்கும். சட்டத்தின் ஆழமும் போதாது. ஆழமான சட்டம் போட்டால் வெளித்தோற்றம் மாறும். மறுபடியும் ஆணையத்தின் வாசலில் நிற்க வேண்டும்.

உள்பக்கம் கண்ணாடி மேல் வெயில் ஃபிலிம் ஒட்டுவது மலிவு. அது கோடை வெயிலைக் குறைக்கும், குளிர்காலக் கசிவை அவ்வளவாகத் தடுக்காது. நியூயார்க்கில் இரண்டு பருவத்துக்கும் சேர்த்துத்தான் வழி தேட வேண்டும்.

கடைசியில் எடுத்த வழி, இரு கண்ணாடிக்கும் நடுவே தொங்கும் ஃபிலிம். இது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள பாலியெஸ்டர் தாள். பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எடை சதுர மீட்டருக்கு நூறு கிராம் அளவுதான். ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம், சட்டத்தை மாற்ற வேண்டாம். ஆனாலும் ஒரே இடைவெளி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மூன்று கண்ணாடி போட்டதன் பலன் கிடைக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மொத்தப் பருமன் மாறக் கூடாது என்பதால் பிரித்த இரண்டு இடைவெளியும் குறுகலாகத்தான் இருக்கும். காற்று நிரப்பினால் அந்தக் குறுகலில் அதன் முழுத் தடையும் கிடைக்காது. ஆர்கான் சுமார் 12 மில்லிமீட்டரில் நன்றாக வேலை செய்யும். கிரிப்டான் அதைவிடக் குறுகலிலும் வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். அதனால் இரண்டும் கலந்த வாயுவை நிரப்பினார்கள்.

ஃபிலிமிலும் இரண்டு வகை எடுத்தார்கள். நேர் வெயில் குறைவாக விழும் வடக்கு முகத்துக்கு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தாராளமாக விடும் வகை. மற்ற முகங்களுக்கு வெயிலைக் கூடுதலாகத் தடுக்கும் வகை. நாலு பக்கமும் ஒரே கண்ணாடி போட்டுவிட்டு, வடக்கே இருப்பவர் விளக்குப் போட்டு உட்கார, மேற்கே இருப்பவர் திரையை இழுத்து மூடி உட்கார வைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இங்கே அதைத் தவிர்த்தார்கள். பட்டறையில் இரண்டு வகைத் தாள் சுருள், அவ்வளவுதான் கூடுதல் வேலை.

முடிவில் கண்ணாடியின் தடை ஆர்-2 இலிருந்து, இடத்தைப் பொறுத்து ஆர்-5க்கும் ஆர்-8க்கும் இடையே வந்தது. மொத்தச் செலவு 45 லட்சம் டாலர். ஜன்னலுக்கு வகுத்தால் ஏறக்குறைய 690 டாலர்.

## ஐந்தாம் மாடிப் பட்டறை

ஜன்னலைத் திருத்தும் பொறுப்பு சீரியஸ் மெட்டீரியல்ஸ் நிறுவனத்திடம். வெளியே ஆலையில் செய்தால் கண்ணாடியை இரண்டு முறை பொதிந்து, இரண்டு முறை லாரியில் ஏற்றி இறக்க வேண்டும். உடைவதும் காணாமல் போவதும் அங்கேதான். கட்டடத்திலேயே காலி இடம் இருந்தது. சரக்கு லிஃப்டில் இறக்கி, சரக்கு லிஃப்டிலேயே ஏற்றினால் முடிந்தது. அலுவலகங்கள் இயங்கிக்கொண்டிருந்ததால் கழற்றுவதும் மாட்டுவதும் பெரும்பாலும் இரவில். ஓர் ஆண்டுக்குள் 6,514 முடிய வேண்டுமென்றால் நாளுக்குக் குறைந்தது இருபது ஜன்னல் போய் வர வேண்டும்.

ஒரு ஜன்னல் பாதியின் பயணம் இப்படி:

சட்டத்திலிருந்து இரட்டைக் கண்ணாடியை எடுக்கிறார்கள். இரண்டு கண்ணாடியையும் ஓரத்தில் பிடித்திருக்கும் சீலன்டை நெடுகக் கத்தியால் அறுத்துப் பிரிக்கிறார்கள். இரண்டு கண்ணாடியையும் விலக்கி வைக்கும் பழைய ஸ்பேசர் பட்டை குப்பைக்கு. கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சீலன்ட் மிச்சத்தைச் சுரண்டி, கழுவி, உலர்த்துகிறார்கள். புது ஸ்பேசரில் ஃபிலிமை நாலு பக்கமும் பிடித்துக் கட்டி, இருபுறமும் பழைய கண்ணாடியை வைத்து, சுற்றிலும் சீலன்ட் இடுகிறார்கள். இந்த நிலையில் ஃபிலிம் சற்றுத் தொய்ந்து, சுருக்கத்தோடுதான் இருக்கும். அலகை அடுப்பில் வைத்துச் சுமார் 100 டிகிரிக்குச் சூடேற்றியதும் தாள் சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அப்போதுதான் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பிறகு ஓரத் துளை வழியே வாயுவை விட்டு, துளையை அடைத்து, சட்டத்தில் ஏற்றுகிறார்கள்.

சொல்ல எளிது. இந்த வகை வேலையில் தப்பு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் சலிப்பான படிகளில்தான் இருக்கின்றன. விளிம்பில் பழைய சீலன்ட் நகக்கண் அளவு மிஞ்சினாலும் புது சீலன்ட் அந்த இடத்தில் ஒட்டாது. அன்றைக்குத் தெரியாது. இரண்டு, மூன்று குளிர்காலம் கழித்து அந்த வழியாக ஈரம் ஏறி, கண்ணாடிக்குள் மூட்டம் கட்டும். ஃபிலிமில் உள்ள பூச்சு உலோகம் என்பதால் ஈரம் பட்டால் அரிக்கும். அதைத் துடைக்க வழியில்லை. அதேபோல் உள்முகத்தில் பதிந்த கைரேகை அந்த அலகின் ஆயுள் முழுக்க இருக்கும். கழற்றும்போது விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்தால், வெயிலில் நடுக்கண்ணாடி சூடேறி ஓரம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வாயுவை வேகமாக விட்டால் உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறாமல் கலந்துவிடும். வடக்குக்கு உரிய ஃபிலிம் மேற்கே போய் மாட்டிக்கொண்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்; எந்தத் தளம், எந்த முகம், எத்தனையாவது ஜன்னல், மேல் பாதியா கீழ் பாதியா என்ற சீட்டு கழற்றிய நொடியிலிருந்து மாட்டும் வரை கூடவே போக வேண்டும்.

96 சதவீதம் தேறியது என்றால் மிச்சம் நாலு சதவீதம். 26,056 கண்ணாடியில் அது ஆயிரத்தை ஒட்டி வரும். அந்த அளவுக்கு மாற்றுக் கண்ணாடியை முன்கூட்டியே கைவசம் வைக்காவிட்டால், ஒரு கண்ணாடி உடைந்த இரவில் யாரோ ஒருவரின் அலுவலகத்தில் பலகை அடித்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

## ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும்

ஜன்னலைத் திருத்திவிட்டு அதன் கீழே உள்ள சுவரை விட்டால் பாதி வேலைதான். ரேடியேட்டர் தன் முதுகை வெளிச்சுவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முதுகின் சூடு சுவர் வழியே தெருவுக்குப் போகிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியேட்டர்களுக்குப் பின்னால் பளபளப்பு முகமுள்ள காப்புப் பலகையைச் செருகினார்கள். ரேடியேட்டரைத் தூசி தட்டிச் சுத்தம் செய்தார்கள். பின்பக்கம் இருந்த தெர்மோஸ்டாட்டை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள்.

கடைசியாகச் சொன்னது சிறிய வேலை, ஆனால் எனக்கு இந்தத் திட்டத்திலேயே பிடித்தது அதுதான். குளிர்ந்த சுவர்ப் பக்கம் இருக்கும் தெர்மோஸ்டாட் அறை எவ்வளவு சூடானாலும் "இன்னும் குளிர்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மனிதன் உட்காரும் பக்கத்து வெப்பத்தை அது பார்ப்பதே இல்லை. இந்தக் காப்பு வேலைக்கு மொத்தம் 27 லட்சம் டாலர், ஆண்டுக்கு 1.9 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று மதிப்பிட்டார்கள்.

## சில்லரின் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். ஜன்னலுக்கு 45 லட்சம் டாலர். 2008 பட்ஜெட்டில் ஜன்னலுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியது 4.55 லட்சம். ஆகக் கூடுதல் சுமார் 40 லட்சம். ஆண்டுக்கு மிச்சம் 4.1 லட்சம். போட்ட பணம் திரும்பப் பத்து ஆண்டு. மொத்த எரிசக்தியில் ஜன்னலின் பங்கு 5 சதவீதக் குறைவுதான். இந்தக் கணக்கை மட்டும் எடுத்துப்போய் ஒரு உரிமையாளர் முன் வைத்தால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததே.

ஆனால் அதே நேரம் சில்லர் நிலையத்துக்கு 2.24 கோடி டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. பழைய சில்லர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைப்பது அதுவரை இருந்த எண்ணம். ஜன்னல், ரேடியேட்டர் காப்பு, வாடகைதாரர் விளக்கு, வெளிக்காற்றுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து உச்ச நேரக் குளிர்விப்புச் சுமையை 1,600 டன் (இது எடை இல்லை, குளிர்விப்புத் திறனின் அலகு), அதாவது மூன்றில் ஒரு பங்கு, குறைத்துவிடும் என்று மாதிரிக் கணக்கு காட்டியது. அப்படியானால் புது சில்லர் எதற்கு? பழைய நான்கின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே உள்ள பாகங்களை மாற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார் கட்டுப்பாட்டைப் பொருத்தினால் போதும். செலவு 51 லட்சம் டாலர். மிச்சம் 1.73 கோடி.

ஜன்னலைச் செய்ததால் வந்த பணம் ஜன்னலின் பெயரில் வரவில்லை, சில்லரின் பெயரில் வந்தது. எந்தச் செலவுத் தலைப்பில் சேமிப்பு விழுகிறது என்று பார்க்காமல் முகப்பு வேலையைத் தனி ஒப்பந்தமாக விட்டிருந்தால் இந்த வரவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

எட்டு வேலைக்கும் சேர்த்துச் செலவு 10.69 கோடி டாலர். எரிசக்தியைப் பற்றி யோசிக்காமலேயே செய்வதாக இருந்த வேலைகளுக்கு ஏற்கெனவே 9.37 கோடி. கூடுதல் 1.32 கோடி, ஆண்டுக்கு எதிர்பார்த்த மிச்சம் 44 லட்சம். மூன்று ஆண்டில் திரும்பும் பணம். ஜன்னலுக்குத் தனியாகப் பத்து ஆண்டு, கூட்டத்தோடு சேர்த்தால் மூன்று ஆண்டு.

நேர்மையாகப் பார்த்தால், இதில் நேரமும் ஒத்துழைத்தது. சில்லர் மாற்ற வேண்டிய கட்டம் அப்போதுதான் வந்திருந்தது. ஐந்து ஆண்டு முன்பே புது சில்லர் வைத்திருந்தால் அந்த 1.73 கோடி மேசையிலேயே இருந்திருக்காது.

## சேமிப்புக்கு யார் பொறுப்பு

ஜன்னல், ரேடியேட்டர் காப்பு, சில்லர், கட்டுப்பாடு, வெளிக்காற்று ஆகிய ஐந்தையும் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் சுமார் 2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. சேமிப்புக்கு உத்தரவாதம், குறைந்தால் வித்தியாசத்தை ஒப்பந்ததாரர் தர வேண்டும். 38 சதவீதத்தில் இந்த ஐந்தின் பங்கு ஐந்தில் மூன்றுக்குச் சற்று மேல். மிச்சம் உரிமையாளர் கையிலும் வாடகைதாரர் கையிலும். காற்றைக் கையாளும் இயந்திரங்களைத் தளத்துக்குக் கூரையில் தொங்கும் நான்கிலிருந்து தரையில் நிற்கும் இரண்டாக மாற்றுவது உரிமையாளர் வேலை. விளக்கையும் பகல் வெளிச்சத்தையும் ஒப்பந்ததாரர் தொட முடியாது. வாடகைதாரர் குத்தகை மாறும்போதோ அலுவலகத்தைப் புதுப்பிக்கும்போதோதான் அது நடக்கும்.

## என்ன நடந்தது

திட்டம் 2009 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஜன்னல் வேலை 2010இல் முடிந்தது. 2011 செப்டம்பரில் கட்டடத்துக்கு, பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் லீட் தங்கத் தரச்சான்று கிடைத்தது. முதல் ஆண்டுச் சேமிப்பு 24 லட்சம் டாலர், உத்தரவாதத்தைவிட 5 சதவீதம் கூடுதல். முதல் மூன்று ஆண்டில் சுமார் 75 லட்சம்.

44 லட்சம் எங்கே, 24 லட்சம் எங்கே என்று கேட்கலாம். வாடகைதாரர் பகுதிகள் எல்லாம் ஒரே இரவில் மாறுவதில்லை. ஒவ்வொரு குத்தகையும் முடிந்து, அந்த அலுவலகம் புதுப்பிக்கப்படும்போதுதான் அதன் பங்கு சேர்கிறது. முகப்பும் சில்லரும் தங்கள் பங்கை முதல் ஆண்டிலேயே கொடுத்துவிட்டன. மிச்சம் தவணை முறையில் வருகிறது.

## மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

அலுமினியச் சட்டத்தைத் தொடவில்லை. கண்ணாடியின் நடுவில் ஆர்-8 என்றாலும், சட்டத்தின் வழியே வெப்பம் முன்போலவே ஓடுகிறது. கண்ணாடி நன்றாக ஆக ஆகச் சட்டம் மோசமாகத் தெரியும். முழு ஜன்னலின் மதிப்பு கண்ணாடியின் மதிப்பைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். இன்று இதேபோன்ற வேலைக்கு விலை சொல்பவர் நடுக் கண்ணாடி எண்ணைக் காட்டினால், சட்டத்தோடு சேர்த்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காற்று கசிகிறதா என்பதையும், ஜன்னலைக் கழற்றி அந்த இடம் கண்ணெதிரே திறந்து கிடக்கும் அந்த ஓர் இரவிலேயே பார்த்து அடைத்துவிடுவது மேல். மறுபடி அந்த வாய்ப்பு இருபது ஆண்டுக்கு வராது.

அடைத்த வாயு மெல்லக் கசியும். முகத்துக்குப் பத்து ஜன்னலாவது அடையாளம் இட்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாயு அளவையும் மூட்டத்தையும் சோதிக்கும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். சீலன்ட் உத்தரவாதம் முடியும் தேதியும் சில்லரின் அடுத்த பெரிய பழுதுபார்ப்புத் தேதியும் ஒரே அட்டவணையில் இருந்தால் அடுத்த தலைமுறை பொறியாளருக்கு உதவும்.

பழைய கண்ணாடியைத் திரும்பப் பயன்படுத்தியதால் மிச்சமான கரியம் 2008 கணக்கின் 1,05,000 டன்னில் சேரவில்லை. அது எரிசக்தி வழியான எண். இப்போது அதையும் தனி வரியாகக் காட்டுவது வழக்கமாகி வருகிறது. காட்டியிருந்தால் புது ஜன்னலா பழைய ஜன்னலா என்ற விவாதம் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

கணக்குப் போடும் முறையும் மாறிவிட்டது. நியூயார்க் நகரம் 2019இல் இயற்றிய உள்ளூர்ச் சட்டம் 97, பெரிய கட்டடங்களுக்கு வாயு வரம்பு வைத்து, 2024 முதல் மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம் விதிக்கிறது. 2008இல் டன்னுக்கு 300 டாலருக்கு மேல் என்று ஒதுக்கிவைத்த அந்தக் கடைசி 10 சதவீதம், இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு தூரத்தில் இல்லை.